பருப்புக்கு நேர்ந்த அநீதி

பருப்புக் கறியை யாரும் பாராட்டுவதில்லை. கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிறவர் கத்தரிக்காய்ப் பால்கறியைப் பற்றிப் பேசுவார். பாயாசத்தில் முந்திரிகை குறைந்துபோனதைப் பற்றிக் காரில் ஏறியது முதல் வீடு சேரும்வரை பேசுவார். பருப்பைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார். இலைக்கு முதலில் வந்து, சோற்றுக்குத் துணை நின்று, மற்றக் கறிகளின் உறைப்பையெல்லாம் தன் தோளில் தாங்கி, பெயர்கூடச் சொல்லப்படாமல் மறைந்துபோகிற அந்த மஞ்சள் நிற உழைப்பாளிக்கு நம் இனம் காலங்காலமாக இழைத்துவரும் அநீதிக்குச் சாட்சியாக உங்களை அழைக்கிறேன். என்னைப் பற்றித் தென் லண்டனின் நோர்பரியில் இப்போது சொல்லப்படுபவற்றை நீங்கள் கேட்டிருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை உண்மை. ஆனால் அவை நடுவிலிருந்து தொடங்குகின்றன. நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் யோகலிங்கம். லண்டன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். அதற்கு முன் பாரிஸில் பிறருடைய சமையலறைகளில் நின்றவன். அங்கே புதிதாக வேலைக்கு வருகிறவனிடம் ஆட்டுத்தொடையையோ மீனையோ கொடுத்துச் சோதிப்பதில்லை. ஒரு முட்டையைக் கொடுத்துப் பொரிக்கச் சொல்வார்கள். எளியதில் ஒளிந்துகொள்ள இடமில்லை என்பது அவர்களின் சித்தாந்தம். நல்ல சித்தாந்தம் எந்த மொழியில் இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என்னுடையது. முட்டைக்கு அவர்கள் செய்த மரியாதையை அன்றாடச் சோற்றுக்கும் கறிக்கும் நான் செய்ய எண்ணினேன்.

கடையில் கொத்துரொட்டியும் ஆட்டிறைச்சிக் கறியும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை நிறுத்தினேன். சோறு, பருப்பு, தேங்காய்ப்பால் சொதி, கீரை, உறைப்பான ஒரு தேங்காய்ச் சம்பல், இவ்வளவுதான் இனி என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். என் தமக்கையின் மகள் துஷ்யா கடையில் பரிமாறுகிறவள். அவள் அந்தத் தாளை நிதானமாக வாசித்தாள்.

“மாமா, நீங்கள் கடை நடத்திறியளோ, கட்சி நடத்திறியளோ?”

இரண்டுக்கும் அடிப்படை கொள்கைதான் என்றேன். கட்சிக்கெண்டால் சனமாவது வரும் என்று சொல்லிவிட்டு அவள் மேசை துடைக்கப் போனாள்.

சொதியும் சம்பலும் சில மாதங்களில் வசப்பட்டன. பருப்பு வசப்படவில்லை. லண்டன் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். மைசூர்ப் பருப்பு அதில் நெடுநேரம் முறுக்கிக்கொண்டு நிற்கும். பிறகு ஒரு கணத்தில் மனமுடைந்து கூழாகிவிடும். தண்ணீரை வடிகட்டினேன். தகரப் பேணியில் வரும் பாலைக் கைவிட்டுத் தேங்காய் திருவினேன். கடைசியாகப் பிழிந்த நீர்த்த பாலில் பருப்பை அவியவிட்டு, முதலில் பிழிந்த தடித்த பாலை அடுப்பை அணைத்த பின்னரே சேர்த்தேன். உள்ளிப்பூண்டை நசுக்குவதா, வெட்டுவதா, முழுதாக விடுவதா என்று மூன்று அணிகளை மூன்று சட்டிகளில் வாதாட விட்டேன். நசுக்கிய அணி வென்றது. அப்படியே கடுகுக்கும் செத்தல் மிளகாய்க்கும் வெந்தயத்துக்கும் உரிய இடங்களை ஒவ்வொன்றாக வழங்கி முடித்தபின், ஒருநாள் கரண்டியை எடுத்து ருசி பார்த்தேன். திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. உப்பு இருந்தது, உப்பென்று தெரியவில்லை. பால் இருந்தது, பாலென்று முன்வந்து நிற்கவில்லை. நான் அடுப்படியில் நின்று சிறிது நேரம் அழுததாகத் துஷ்யா சொல்கிறாள். வெங்காயம் என்பது என் தரப்பு.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் நகுலேஸ்வரி அக்கா வருவார். கணவரை இழந்தவர். பிள்ளைகள் வேறு ஊர்களில் இருக்க, கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளித் தனியாக வாழ்கிறவர். எந்தக் கடையில் புடவை நல்லது, எந்தக் கோவிலில் பூசை நேரத்துக்கு நடக்கிறது, எந்த டொக்டர் முகத்தைப் பார்த்துக் கதைக்கிறவர் என்பதையெல்லாம் எங்கள் சனம் அவருடைய வாயிலிருந்துதான் அறியும். அவர் நல்லது என்றால் நோர்பரிக்கு நல்லது. அவர் உண்டு முடிக்கும்வரை நான் பக்கத்தில் நின்றேன்.

“எப்பிடி அக்கா பருப்பு?”

“பருப்பு பருப்பு மாதிரி இருக்கு, தம்பி.”

“வேற ஒண்டும் இல்லையோ?”

“பருப்பில வேற என்ன இருக்கோணும்? அந்தச் சம்பலில இன்னும் கொஞ்சம் போடுங்கோ.”

இதை நான் கோபமின்றிப் பதிவு செய்கிறேன். அடுத்த வெள்ளியும் அதையே சொன்னார். அதற்கடுத்த வெள்ளி நான் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார், பருப்பு பருப்பு மாதிரித்தான் இருக்கு, யோசிக்காதையுங்கோ என்று. துஷ்யா அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தது எனக்குக் கேட்டது.

நான் தர்க்கத்தில் நம்பிக்கை உள்ளவன். பண்டத்தில் குறை இல்லை; ஆனாலும் தீர்ப்பு குறைகிறது. அப்படியென்றால் குறை யாரிடம்? உண்கிறவரிடம். விதையைத் திருத்தியவன் நிலத்தைத் திருத்தாமல் விட்டால் விளைவது என்ன? சமையலைத் திருத்தி முடித்தவன் அடுத்துச் சாப்பிடுகிறவரைத் திருத்தியாக வேண்டும். இந்த முடிவுக்கு வந்தபோது எனக்கு ஏற்பட்ட அமைதியை நீங்களும் உணர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

முதலில் சம்பலை நிறுத்தினேன். கவனத்தைத் திருடுகிற பண்டம் அது. பிறகு மேசையில் கைபேசி வைக்கக்கூடாது என்றேன். தை மாதத்தில் ஹீட்டரைக் குறைத்தேன், குளிரில் இருக்கிறவருக்குச் சூடான பருப்பின் அருமை தெரியும் என்பதற்காக. பிறகு காக்க வைத்தேன். உணவு ஆயத்தமாக இருக்கும்; ஆயினும் கொடுக்கமாட்டேன். சனத்துக்குப் பசிக்குது மாமா, சட்டியைத் திறவுங்கோ என்று துஷ்யா பலமுறை கேட்டாள். பசி என்பது தயாரிப்பின் ஒரு பகுதி என்று விளக்கினேன்.

சுப்பிரமணியன் என்றொரு டொக்டர், தமிழ்நாட்டுக்காரர், இரவு ஷிப்ட் முடிந்து நேரே வருகிறவர். அவரை ஒரு படம் பார்த்து முடிக்கக்கூடிய நேரம் இருத்திவைத்தேன். கடைசியில் கிடைத்ததைத் தலை நிமிராமல் உண்டார். எப்படி என்று கேட்டேன்.

“நல்லாத்தான் சார் இருக்கு. இவ்வளவு பசில நாற்காலியைக் கொடுத்திருந்தாலும் நல்லாத்தான் இருந்திருக்கும். ஆமா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?”

அவர் திரும்ப வரவில்லை. ஆனால் போகிறபோக்கில் என் ஆய்வின் பிழையைக் காட்டிவிட்டுப் போனார். பசி வயிற்றைத்தான் வெறுமையாக்குகிறது. வெறுமையாக வேண்டியது மனம்.

அந்த நிலையில்தான் எங்கள் சனத்தில் மூத்தவரான வைத்தியநாதன் மாஸ்டர் இறந்தார். முதுமையில், நித்திரையில், இயற்கையாக இறந்தார். இதைத் தெளிவுபடுத்துவது நல்லது. இப்போது சிலர் அதையும் விசாரிக்கிறார்கள்.

நம்மவர் வீட்டில் மரணம் நேர்ந்தால் அடுப்பு மூட்டுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தகனம் முடியும்வரை அயலவரே சோறும் மரக்கறியும் சமைத்துக் கொண்டுபோவார்கள். வாசலில் நின்று யார், எப்போது, என்ன வருத்தம் என்று எவரும் கேட்பதில்லை. வெள்ளைச் சட்டையையும் மூடிய சட்டியையும் கண்டாலே விளங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய்ச் சத்தமின்றி உட்காருவதே பண்பு. மாஸ்டர் வீட்டுக்குப் பருப்பும் சோறும் நான் கொண்டுபோனேன். என் கடையில் உப்புச் சரியில்லை, உறைப்புப் போதாது என்று முணுமுணுத்த அதே மனிதர்கள் அங்கே நிலத்தில் உட்கார்ந்து, ஒரு சொல் பேசாமல், என் பருப்பை உண்டார்கள். ஒரு சட்டத்தரணியும் அலுவலகம் துப்புரவு செய்கிறவரும் ஒரே விரிப்பில் இருந்தார்கள். சம்பல் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. சிலர் இரண்டாம் முறையும் வாங்கினார்கள். கல்யாண வீட்டில் முன்வரிசை உண்டு, பின்வரிசை உண்டு, வீடியோக்காரனின் வெளிச்சம் படாத வரிசையும் உண்டு. இங்கே வரிசையே இல்லை. மேடை மேடையாக நாம் கேட்டுக் கிடைக்காத சமத்துவம், துக்கத்தின் கையில் சும்மா கிடந்தது. அதன் நடுவில் என் பருப்பு இருந்தது.

நகுலேஸ்வரி அக்கா அந்த வாரம் மகளிடம் போயிருந்தார். வேண்டிய ஒரே நாக்கு அங்கே இல்லை.

நான் பொறுமையுள்ளவன். காத்திருந்தேன். பனிக்காலம் முடியும்வரை காத்திருந்தேன். நோர்பரியில் எல்லோரும் நல்ல சுகமாக இருந்தார்கள்.

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை பருப்புச் சமைத்தேன். அதைவிடச் சிறந்த பருப்பை நான் சமைத்ததில்லை. வெள்ளைச் சட்டை அணிந்தேன். சட்டியை வெள்ளைத் துணியால் மூடி, சோற்றுப் பாத்திரத்தின் மேல் வைத்து எடுத்துக்கொண்டு, இரண்டு தெரு நடந்தேன். வழியில் கடைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் என்னைக் கண்டார்கள். ஒருவர் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒன்றும் கேளாமல் எனக்குப் பின்னால் நடந்து வந்தார்கள். நான் அவர்களை அழைக்கவில்லை. நான் எவரையும் அழைக்கவில்லை.

மணியை அடித்தேன். நகுலேஸ்வரி அக்கா கதவைத் திறந்தார். சட்டையைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற பெண்களைப் பார்த்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆர்?” என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அண்ணையோ?”

நான் தலையை நிமிர்த்தவில்லை. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. இறந்தவர் யார் என்பதை நான் தீர்மானிக்கவும் இல்லை. அந்தத் தெரிவை அவரிடமே விட்டிருந்தேன். அவருக்கு உறவினர் பலர் இருந்தார்கள், அவர் தம் அண்ணன் ஸ்ரீதரனைத் தெரிவு செய்தார். டொராண்டோவில் லொறி ஓட்டுகிறவர் அவர். அவருடன் அக்கா ஆறு ஆண்டுகளாகப் பேசுவதில்லை என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

அக்கா உடனே அழவில்லை. திரும்பி உள்ளே போனார். உலையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தார். அந்தச் சிறிய ஓசை எனக்கு வாசல்வரை கேட்டது. அதன் பிறகுதான் அடுப்படி நிலத்தில் இருந்துகொண்டு அழுதார்.

வீடு நிறைந்தது. வாசலில் செருப்புகள் சேர்ந்தன. வந்த பெண்களில் ஒருவர் பாரிஸிலுள்ள உறவுகளுக்குச் சொன்னார். பாரிஸ் டொராண்டோவுக்குச் சொன்னது. அண்ணையின் மகளின் கல்யாணத்தில் தன்னை முன்வரிசையில் இருத்தவில்லை என்று கோபித்துக்கொண்டு வந்ததை அக்கா எல்லோருக்கும் சொன்னார். அதற்காக ஆறு வருடம் ஒரு மனிதர் தன் தமையனுடன் கதைக்காமல் இருப்பாரா என்று தன்னைத்தானே கேட்டார். ஒருக்காப் போன் எடுத்திருக்கலாம், ஒருக்கா எடுத்திருக்கலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு வாய் சாப்பிடுங்கோ என்று பெண்கள் வற்புறுத்தினார்கள். சோறு உண்ணும் கோப்பை ஒன்றை எடுத்து நான் பரிமாறினேன்.

அவர் உண்டார். முதலில் சிறு கவளமாக, பிறகு சாதாரணமாக. இன்னொரு கரண்டி வைத்தேன், அதையும் உண்டார். சம்பல் கேட்கவில்லை. அந்தக் கையையும் அந்த வாயையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கை அந்தக் கோப்பைக்குள் இருந்தது.

எங்கள் வழக்கத்தில் எவரும் செய்யாத ஒன்றை அப்போது நான் செய்தேன். நான் செய்த பிழை இது ஒன்றுதான் என்று இன்றைக்கும் கருதுகிறேன்.

“எப்பிடி இருக்கு, அக்கா?” என்று கேட்டேன்.

பெண்களின் தலைகள் என் பக்கம் திரும்பின. அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“என்னது?”

“பருப்பு.”

அவர் கோப்பையைக் குனிந்து பார்த்தார். வேறு யாரோ உண்டுவிட்டு வைத்த கோப்பையைப் பார்ப்பதைப் போலிருந்தது.

“பருப்போ?” என்றார். “என்ன சாப்பிட்டனான் எண்டே எனக்குத் தெரியேல்லை, தம்பி.”

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு ஆங்கிலேயரான கத்தரின், பாலும் தேயிலையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். நல்ல பெண்மணி. அக்காவின் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னார். பிறகு, அனுதாப அட்டை அனுப்ப வேண்டும் என்று, எங்கள் ஆட்களில் ஒருவரும் கேட்டிருக்கமாட்டாத கேள்விகளைத் தெளிவான ஆங்கிலத்தில் கேட்டார். யார் இறந்தது, எப்போது, எந்த ஆஸ்பத்திரியில், செய்தியைச் சொன்னது யார். ஆங்கிலேயருக்கு மரணம் ஒரு தகவல். நமக்கு அது ஒரு சூழ்நிலை. எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார்.

கேட்கப்பட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்வது என் வழக்கம். எவரும் இறந்ததாக எனக்குத் தகவல் இல்லை என்றேன். நான் பருப்புக் கொண்டுவந்தேன் என்றேன்.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்ரீதரன் இரவு முழுதும் ஓட்டிவிட்டு, கைபேசியை அணைத்துவிட்டு, லொறிக்குள்ளேயே நித்திரை கொண்டிருந்தார். எழுந்து கைபேசியைப் பார்த்தபோது அவருடைய ஆத்மா சாந்திக்குப் பலர் பிரார்த்தித்திருந்தார்கள். தங்கைக்கு அழைத்தார். “நான் செத்துப்போனனாம், உண்மையே?” என்பதுதான் ஆறு ஆண்டுகளுக்குப் பின் அவர் அக்காவுக்குச் சொன்ன முதல் வார்த்தை. இருவரும் நெடுநேரம் பேசினார்கள். இதை என் ஆக்கப் பணிகளில் ஒன்றாக நீங்கள் சேர்த்துக்கொண்டால் நான் மறுக்கமாட்டேன்.

ஸ்ரீதரனின் மனைவி மயூராவுக்குச் செய்தி போனபோது அவர் மாடிப்படியில் இருந்தார். விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. இப்போது ஊன்றுகோலுடன் நடக்கிறார் என்று கேள்வி. அதற்காக வருந்துகிறேன். படியில் நின்று போன் எடுப்பது எப்போதும் ஆபத்தானது.

துஷ்யா கடையை விட்டுப் போய்விட்டாள். சாவியை மேசையில் வைத்துவிட்டு, சத்தம் போடாமல் சொன்னாள்.

“மாமா, நகுலேஸ்வரி அக்கா கொட்டிற மழையிலயும் ஒரு வெள்ளியும் தவறாம வந்தது உங்கட பருப்புக்குத்தான். ஆயிரம் கடை கிடக்கு, ஏன் இஞ்ச வந்தவ எண்டு நீங்கள் யோசிக்கேல்லையே? இப்ப பருப்பு வாசம் வந்தாலே அவ எழும்பிப் போயிடுறா. சாப்பிட ஏலாதாம்.”

துஷ்யா உணர்ச்சிவசப்படுகிற பிள்ளை. நான் அவளுடைய கூற்றை ஆராய்ந்து பார்த்தேன். வெறுமனே வந்து உண்டுவிட்டுப் போவதைப் பாராட்டு என்று எந்த அகராதியும் சொல்லவில்லை. மேலும், ஒருமுறை உண்டபின் மறுமுறை உண்ண முடியாத அளவுக்கு ஒரு பண்டம் மனத்தில் பதிந்துவிட்டது என்றால், அதைவிடப் பெரிய தீர்ப்பு வேறென்ன வேண்டும்? அக்கா அதைச் சொல்லாகச் சொல்லவில்லை என்பது ஒன்றே குறை. ஒரே ஒரு சோதனையைக் கொண்டு ஒரு கொள்கையைக் கைவிடுகிறவன் சீர்திருத்தவாதி அல்லன்.

ஆகவே சோதனையைத் தொடர்ந்தேன். நோர்பரியில் இப்போது என் வெள்ளைச் சட்டையைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்கள். அதனால் லண்டனின் மறுகோடிகளுக்குப் போகவேண்டியிருக்கிறது. குட்மேய்ஸில் ஒரு வீடு. ஹரோவில் இரண்டு வீடுகள், ரயிலில் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். குட்மேய்ஸில் கதவைத் திறந்த மனிதர் தம் தாயைத் தெரிவு செய்தார். ஹரோவில் ஒரு பெண் தம் மகனை. எவரும் என்னை யார் என்று கேட்கவில்லை. உள்ளே வாருங்கள் என்று வழிவிட்டார்கள். அடுப்பை அணைத்தார்கள். உண்டார்கள். ஆங்கிலேயர் எவரும் வருவதற்கு முன் புறப்பட்டுவிட்டேன். சட்டி மூன்று முறையும் வெறுமையாகத்தான் திரும்பியது. ஆனாலும் ஒருவரும் வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை.

அந்தச் சொல்லை நான் இனி உங்களிடம் கேட்கிறேன். இது கெஞ்சல் அல்ல. ஒரு நீதியின் பேரில் விடுக்கும் கோரிக்கை. இந்த நகரில் நீங்கள் எங்கிருந்தாலும், ஒரு முற்பகலில் உங்கள் வாசல் மணி அடிக்கும். திறவுங்கள். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருங்கள். மனத்தில் எந்த முகம் வருகிறதோ, அதை வரவிடுங்கள். நான் வைப்பதை முழுதாக உண்ணுங்கள். உண்டு முடித்தபின், கண்ணைத் துடைத்துக்கொண்டு, பருப்பு எப்படி இருந்தது என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.